நூற்றைம்பது பேருக்கு கானா

அந்தமானுக்குப் புறப்பட்டபோது என் பையில் இருந்தவை: நான்கு செட் துணி, ஒரு தொப்பி, வெயிலுக்குப் பூசும் கிரீம், உள்ளங்கையில் நிற்கும் ஒரு ஸ்பீக்கர், ஒன்று கெட்டால் இன்னொன்று என்று இரண்டு பென் டிரைவ், அறுபத்து நான்கு பாடல்களின் பட்டியல் மூன்று பிரதி. கரண்டி இல்லை. கரண்டி தேவைப்படும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

நான் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை இன்ஜினியர். பம்பு தண்ணீரை இழுக்கிறதா, சொன்ன உயரத்துக்கு ஏற்றுகிறதா, தேவையில்லாமல் சத்தம் போடுகிறதா என்று பார்த்துக் கட்டங்களில் டிக் அடிப்பது வேலை. வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் நாள் முழுக்கப் பம்பைக் கேட்கிறவளுக்கு மாலையில் பாட்டு வேண்டும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரலாம் என்பதில் எனக்குக் கறாரான கருத்துகள் உண்டு. மழைப் பாட்டு முடிந்த கையோடு குத்துப் பாட்டு போடுகிறவர்களோடு நான் நெடுந்தூரம் பயணம் போவதில்லை.

ஆறு மாதத்துக்கு முன் இதையே சைடு பிசினஸ் ஆக்கினேன். கல்யாணம், காதுகுத்து, சுற்றுலா பஸ், எதுவானாலும் விவரம் சொன்னால் அதற்கேற்றபடி பாட்டுகளைத் தேர்ந்து வரிசைப்படுத்திக் கொடுப்பேன். பெயர் 'செவிவிருந்து'. சின்னம், வாழையிலை மேல் ஒரு ஹெட்போன். பாட்டு வரிசைக்கு நான் வைத்த பெயர் 'மெனு'. இவற்றையெல்லாம் யோசித்துப் பிடித்த அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

வாடிக்கையாளரிடம் போனில் பேசக்கூடாது என்பது என் விதி. பேச்சு குழப்பும், எழுத்து குழப்பாது. பம்பு கம்பெனியில் கற்றது. அதனால் ஒரு படிவம் அனுப்புவேன், கேள்விகள் எல்லாம் விருந்து பாஷையில். அந்தமானிலிருந்து அது நிரப்பப்பட்டு இப்படி வந்தது. பெயர்: தங்கராஜ், போர்ட் பிளேர். விசேஷம்: மகள் ரேவதிக்கு நிச்சயதார்த்தம், பாராடாங் தீவில், மாப்பிள்ளை வீட்டில். எத்தனை பேர்: நூற்றைம்பது. இனிப்பு, காரம், புளிப்பு, எது தூக்கல்: மூன்றும் சமம், வயதானவர்களுக்குக் காரம் குறைத்து. ஒவ்வாமை: மாப்பிள்ளையின் தாய்மாமாவுக்குக் கத்திரிக்காய்.

'ஒவ்வாமை' என்ற கடைசிக் கேள்வியில் நான் கேட்டது, யார் காதிலும் விழக்கூடாத பாட்டு ஏதாவது உண்டா என்பது. பழைய காதல், பழைய சண்டை என்று பலருக்கும் ஒரு பாட்டு இருக்கும். இந்தத் தாய்மாமாவுக்குக் கத்திரிக்காயோடு ஏதோ வருத்தம் போலிருக்கிறது என்று எண்ணி, அறுபத்து ஐந்தாக இருந்த பட்டியலில் கத்திரிக்காய் வருகிற ஒரு நாட்டுப்புறப் பாட்டை எடுத்துவிட்டேன்.

படிவத்தின் அடியில் ஒரு குறிப்பு இருந்தது. "மேடம், கானா ஜிம்மேதாரி நம்முது. மாப்பிள்ளை வீட்ல வாக்கு குடுத்தாச்சு. நீங்க நேர்ல வந்து பண்ணிக் குடுக்கணும்." ஜிம்மேதாரி என்றால் பொறுப்பு. கானா என்றால் இந்தியில் பாட்டு. சென்னையில் அது தனி வகைப் பாட்டு. ஆகவே, "கானா மட்டும் போதுமா, மெலடி வேண்டாமா?" என்று கேட்டு எழுதினேன். "அது உங்க இஷ்டம். வர்றவங்க மனசு நெறஞ்சா போதும்" என்று பதில் வந்தது. பாட்டுப் போட ஆளை விமானம் ஏற்றி வரவழைப்பது விசித்திரம்தான். ஆனால் எனக்கு லீவு மிச்சம் இருந்தது. கடலை நான் அதுவரை இரண்டே முறைதான் பார்த்திருந்தேன், இரண்டு முறையும் அலுவலகக் குழுவோடு.

முதல் நாள் தங்கராஜ் ஸ்கூட்டரோடு விமான நிலைய வாசலில் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. அப்பா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் வேலை. எல்லாரையும் சார் என்கிறவர். வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தபோது வண்டியை நிறுத்தி, அது போய்ச் சேரும்வரை காத்திருந்தார்.

"வாங்க மாஸ்டர், வாங்க. சாமானெல்லாம் பின்னாடி வருதா?"

டான்ஸுக்கு மாஸ்டர், தையலுக்கு மாஸ்டர் மாதிரி இங்கே பாட்டுக்கும் மாஸ்டர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பையைத் தட்டிக் காட்டினேன். "எல்லாம் இதுக்குள்ளதான் சார்."

"நூத்தம்பது பேருக்குமா?"

"ஆயிரம் பேர் வந்தாலும் இதே போதும்."

அவர் பையை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்தார். கொஞ்ச தூரம் போனதும், "எத்தன அயிட்டம் மாஸ்டர்?" என்றார்.

"அறுபத்து நாலு."

ஸ்கூட்டர் லேசாக வளைந்து நேரானது. "பாப்ரே! மெயின்லேண்ட்ல இப்போ அப்படியா?"

"சில பேர் நூறு கேப்பாங்க. நான் ஒத்துக்கறதில்ல. திகட்டிடும்."

"திகட்டத்தான் செய்யும்," என்று ஆமோதித்தார். என் தொழிலை இவ்வளவு மதிக்கிற ஒருவரை நான் அதுவரை சந்தித்ததில்லை.

இரண்டாம் நாள் பகல் முழுக்க எனக்கு விடுமுறை. இந்த ஊரில் விடுமுறைக்காரர்கள் முதலில் திருத்த வேண்டியது கடிகாரத்தை. காலை ஐந்துக்கு வெயில் முகத்தில் அடிக்கிறது. மாலை ஐந்தரைக்கு எல்லாம் முடிந்துவிடுகிறது. கோயம்புத்தூரில் நான் டீ குடிக்க எழுந்திருக்கும் நேரத்துக்கு இங்கே மீன் விற்றுத் தீர்ந்து, விற்றவர் குளித்துவிட்டு வந்து கட்டிலில் கிடக்கிறார். எட்டு மணிக்குக் கடற்கரைக்குப் போன என்னை இளநீர் விற்கும் வங்காளி அம்மாள், "இவ்வளவு லேட்டா?" என்று இந்தியில் கேட்டார். ஒரு இளநீர் குடித்தேன். கோவையில் கிடைப்பதைவிடத் தண்ணீர் அதிகம், இனிப்பு கொஞ்சம் கம்மி. குறித்துக்கொண்டேன்.

மதியம் பஜாரில் ஒரு மெஸ்ஸில் மீன் சாப்பாடு. பரிமாறியவர் மலையாளி, சமைத்தவர் தெலுங்கர், கணக்கு எழுதியவர் மதுரைக்காரர். மூவரும் இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இலக்கணம் பற்றிய கவலை அந்த இந்தியில் யாருக்கும் இல்லை. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தால் சரி. குழம்பில் புளி நம் பக்கத்து அளவு, தேங்காய் கேரளத்து அளவு, மிளகாய் ஆந்திர அளவு. சமரசம் என்று ஒன்று அந்தக் குழம்பில் நடக்கவே இல்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் முன் சீட்டு ஆட்கள் இருவர் பேசிக்கொண்டது: "மெயின்லேண்ட் போயிட்டு வந்தியாமே, எப்படி இருந்தது?" "பெருசா இருந்தது." அவ்வளவுதான். அதற்குமேல் அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

பஸ்ஸிலும் ஆட்டோவிலும் கடைகளிலும் காதில் விழுந்த பாட்டுகளைக் குறித்துவைத்தேன். அதில் ஒரு விஷயம் புலப்பட்டது. ஒரு குடும்பம் எந்த வருஷம் கப்பலேறி வந்ததோ, அந்த வருஷத்துப் பாட்டுத்தான் அந்தக் குடும்பத்துக்குச் சிறந்த பாட்டு. ஆட்டோக்காரருக்கு முப்பது வயது இருக்கும். அவர் போட்டதெல்லாம் அவருடைய தாத்தா மீசை முறுக்கிய காலத்துப் பாட்டு. "புதுசு பிடிக்காதா?" என்றேன். "புதுசும் இருக்கு மேடம், ஆனா அது மெயின்லேண்ட் பாட்டு," என்றார். இதை வைத்து என் பட்டியலில் ஏழு பாட்டுகளை இடம் மாற்றினேன். மனசு நிறைந்திருந்தது.

மாலை நாலு மணிக்கு, ஸ்பீக்கரைச் சோதித்துப் பார்க்கலாம் என்று குட்வில் எஸ்டேட் குடியிருப்பில் தங்கராஜ் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கனகம் அக்கா என்னை நேராகக் கொல்லைப்புறம் கூட்டிப்போனார். அங்கே வாடகைக்கு எடுத்த அண்டா மூன்று, ஆளுயரக் கரண்டி, ஒரு மூட்டை அரிசி, பரங்கிக்காய் மலை.

"மாஸ்டர், அரிசி எப்போ களையட்டும்?"

"எதுக்குக்கா?"

"நாளைக்குத்தான்."

"நாளைக்கு விருந்து நீங்களா சமைக்கறீங்க?"

"நான் எதுக்குச் சமைக்கேன்? நீங்கல்ல சமைக்கணும்?"

நான் பையைத் திறந்து ஸ்பீக்கரை எடுத்து அண்டாவின் மூடி மேல் வைத்தேன். அக்கா குனிந்து பார்த்தார். "இது என்னது, மிக்ஸியா?"

பொதுவாக நான் பதறுவதில்லை. முதலில் பட்டியல் போடுவேன். அந்த நிமிஷம் மனதில் போட்ட பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: எனக்குச் சமைக்கத் தெரிந்தது நூடுல்ஸ்.

தங்கராஜ் வந்தார். கேட்டார். கவிழ்த்துப் போட்டிருந்த அண்டா மேல் உட்கார்ந்தார். "கானான்னுதானே மேடம் எழுதுனேன்?" மாஸ்டர் பட்டம் அந்த நிமிஷமே போய்விட்டது.

"நானும் கானான்னுதான் சார் படிச்சேன்."

ரேவதிதான் விளக்கினாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள், எதையும் பிரித்துப் பார்க்கிற பழக்கம். "அப்பா, இந்தியில ரெண்டு இருக்கு. முதல் எழுத்த 'கங்கை'யில வர்ற முதல் 'க' மாதிரி சொன்னா பாட்டு. மூச்ச விட்டுச் சொன்னா சாப்பாடு. தமிழ்ல எழுதினா ரெண்டுக்கும் ஒரே 'கா'தான்."

"ஒரு எழுத்துக்கா நூத்தம்பது பேரு பட்டினி?" என்றார் கனகம் அக்கா.

"மெலடி மெலடின்னு கேட்டாங்களே, நான் ஏதோ புது ஸ்வீட்டுன்னு நெனச்சேன்," என்றார் தங்கராஜ்.

"ஆமா, வாழையிலைய பாத்தீங்க, ஹெட்போன பாக்கல. முப்பது வருஷமா கவுண்டர்ல ஐடி கார்டு செக் பண்ணுற மனுஷன்!"

ரேவதியும் மாப்பிள்ளை சந்தீப்பும் நான்கு வருஷம் காத்திருந்த நிச்சயம் இது. சந்தீப் பாராடாங்கில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறவன். வெள்ளைக்காரன் கைதிகளை இங்கே அனுப்பிய காலத்திலேயே வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம், வீட்டில் இந்தி. அவனுடைய அப்பா ராம்கிலாவன் எப்போதோ சரி சொல்லிவிட்டார். அம்மா இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. "வரட்டும், பார்ப்போம்" என்பது மட்டும்தான் அவர் இதுவரை சொன்னது. தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கையில் வாங்கினால்தான் அந்த வீட்டில் சம்மதம். நாளை மதியம் சொந்தபந்தத்தை இலை முன் உட்கார வைத்துவிட்டுச் சோறு வரவில்லை என்றால் அவர் எதற்காகத் தட்டை வாங்கப் போகிறார்?

ஊரிலுள்ள சமையல்காரர்கள் எல்லாரையும் தங்கராஜ் போனில் கூப்பிட்டுப் பார்த்தார். முகூர்த்த நாள், ஒருவரும் இல்லை. நான் பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் கட்டம் போட ஆரம்பித்தேன்.

அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடு. தெலுங்கு டீச்சர் வீட்டில் புளிசாதம், மலையாளி நர்ஸ் வீட்டில் அவியல், ராஞ்சிக்காரர் வீட்டில் பூரி, தமிழ் வீடுகள் ஐந்தில் சாதமும் சாம்பாரும் ரசமும் பொரியலும். ஒவ்வொரு வாசலிலும் கனகம் அக்கா அழாத குறையாகப் பேசினார். நான் அளவு சொல்லி டிக் அடித்தேன். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வங்காளி வீட்டம்மாள் மட்டும் சைவ விருந்து என்றதும் திடுக்கிட்டு, "நிச்சயத்துக்கு மீன் கிடையாதா? யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். அவர் வீட்டில் மட்டும் மீன் சமைக்கலாம் என்று எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பொழுது ஐந்துக்கே விடிந்தது நல்லதாகப் போயிற்று. தெரு முழுக்கத் தாளிக்கும் சத்தம். ஆறரைக்கு நான் வீடு வீடாகப் போய் ருசி பார்த்தேன். நான்காவது வீட்டு சாம்பாரில் உப்பு இல்லை, திருப்பி அனுப்பினேன். ஏழாவது வீட்டுப் பொரியலில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. அந்த வீட்டு அம்மாவையும் நான்காவது வீட்டு அம்மாவையும் பேசவைத்துப் பார்த்தேன், பலனில்லை. மற்றதெல்லாம் தேறியது. பம்புக்கும் சாம்பாருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டையும் பார்த்து முடிவுசெய்யக் கூடாது, ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

வேன் ஒன்று, ஜீப் ஒன்று. பாராடாங் போகும் ரோடு பழங்குடி மக்களின் காட்டுக்குள் போவதால் வண்டிகளைக் கான்வாயாகச் சேர்த்துத்தான் விடுவார்கள். உள்ளே நிற்கக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, சத்தம் கூடாது. பயணத்துக்கென்றே நான் தனியாக ஒரு வரிசை தயார் செய்திருந்தேன். டிரைவர் செக்போஸ்ட் வருவதற்கு முன்னாலேயே பிளேயரை அணைத்து, "இது அவங்க வீடு மேடம்," என்றார். நியாயம்தான். ஒன்றரை மணி நேரம் நாங்கள் கேட்டது சாம்பார் அண்டாவுக்குள் சாம்பார் புரளும் சத்தம். நிறுத்தக்கூடாது என்பதால், மூடியின் ஓரத்தில் அது கசிய ஆரம்பித்தபோதும் நிறுத்த முடியவில்லை. தங்கராஜ் மூடி மேல் ஏறி உட்கார்ந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் முகத்தில் சூடு தெரிந்தது. "பரவாயில்ல சார்," என்று யாரும் கேட்காமலேயே டிரைவரிடம் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் ஜெட்டி, அதாவது படகுத் துறை. வண்டிகளை ஏற்றிக்கொள்ளும் ஃபெர்ரியில் அண்டாக்களும் நாங்களும் இரண்டு லாரிகளுமாகக் கடந்தோம். அவியல் வாசனைக்கு லாரி டிரைவர்கள் இறங்கி வந்து எங்களைச் சுற்றி நின்றார்கள். ரசம் எப்போதோ பூக்கூடைக்குள் போய்விட்டிருந்தது. மல்லிகைப் பூவில் மிளகு ரசம் எப்படி மணக்கும் என்று யாராவது கேட்டால் இனி என்னால் சொல்ல முடியும்.

பதினொன்றரைக்கு மாப்பிள்ளை வீடு. ராம்கிலாவன் ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், பெரிய மீசை. கைகூப்பி வந்தவர் அண்டாக்களைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் பந்தலில் இலைபோல வரிசையாகத் தட்டுகள். தட்டுகளில் பூரி, சோறு, பருப்பு, இரண்டு கறி, பாயசம். நூற்றைம்பது பேருக்கான சாப்பாடு ஆவி பறந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு சாப்பாடு எதுக்கு சம்பந்தி? நீங்க பாட்டுக்குத்தானே பொறுப்பு எடுத்தீங்க?" என்றார் இந்தியில்.

ரேவதி மெதுவாக அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, அன்னைக்கு இவங்ககிட்ட என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க."

"கானா ஹமாரா. கானா நம்முதுன்னேன்."

"பாட்டு," என்றது மாப்பிள்ளை வீடு மொத்தமும், ஒரே குரலில்.

தங்கராஜ் மூச்சை இழுத்து, கழுத்து நரம்பு புடைக்க, இன்னொரு முறை சொன்னார்.

"இப்பவும் பாட்டுதான்ப்பா," என்றாள் ரேவதி.

முப்பது வருஷமாக இந்தியில் டிக்கெட் கொடுத்தவர், ஒரு தடவைகூடச் சோறு கேட்டதில்லை போலிருக்கிறது. கேட்டபோதெல்லாம் யாரோ பாட்டுப் போட்டிருப்பார்கள்.

எனக்கு மட்டும் அந்த இடத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்றைம்பது பேருக்குப் பாட்டு வேண்டும், பாட்டு என்னிடம் இருக்கிறது. ஸ்பீக்கரை எடுத்து பெஞ்சின் நடுவில் வைத்து, நிச்சயதார்த்தத்துக்கென்றே முதலில் வைத்திருந்த மென்மையான பாட்டை ஓடவிட்டேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் ராம்கிலாவன், "நல்லா இருக்கு மகளே," என்றார். "ஆனா இது மெஷினு. எங்களைத் திட்டவே இல்லையே."

"திட்டணுமா?"

அவர் உட்காரவைத்துச் சொன்னார். அவர்கள் குடும்பத்தில் பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைப் பாட்டிலேயே திட்ட வேண்டும். மாப்பிள்ளையை, மாமனாரை, மாமாக்களை, ஒருவர் விடாமல். திட்டு வாங்கிக்கொண்டு சாப்பிடுவதுதான் சம்பந்தம். "எங்க முன்னோர் இந்த மண்ணுக்கு வந்தப்போ கையில ஒண்ணும் இல்ல. வாயில இருந்தது இந்தத் திட்டு மட்டும்தான். மெட்ராஸ்காரர் தானாவே பாட்டு எங்க பொறுப்புன்னு சொன்னதும் நான் அசந்துட்டேன். என் மனைவிகூட அன்னைக்குத்தான் 'வரட்டும், பார்ப்போம்'னு சொன்னா."

சமையல்கட்டு வாசலில் மாப்பிள்ளையின் அம்மா கைகட்டி நின்றிருந்தார். ஒல்லியான, நெற்றி நிறையச் சிந்தூரம் வைத்த பெண்மணி. காலையிலிருந்து நெருப்பின் முன் நின்ற முகம். "பாட்டு இல்லாம தட்டை வாங்க மாட்டேன்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

"சம்பந்தி வீட்ட ஏசணுமா?" தங்கராஜுக்கு வியர்த்துவிட்டது. "நான் யாரையும் 'நீ'ன்னுகூட சொன்னதில்ல மேடம்."

நான் மாப்பிள்ளையின் தங்கை பூஜாவைத் தனியாக அழைத்து, குற்றங்குறைகளைக் கேட்டு எழுதிக்கொண்டேன். அவள் இதற்காகவே பிறந்தவள். நான் பேனாவை எடுப்பதற்குள் பதினொன்று சொல்லிவிட்டாள். அண்ணன் கடலில் படகு ஓட்டுவான், ஊஞ்சலில் உட்கார்ந்தால் வாந்தி எடுப்பான். அப்பா நமத்த பிஸ்கட்டை, 'வயசானவங்களுக்குன்னு ஸ்பெஷல்' என்று விற்பார். தாய்மாமா கத்திரிக்காயைப் பார்த்தாலே சொறிவார். லேசானது முதலில், காரமானது நடுவில் என்று வரிசைப்படுத்தினேன். செவிவிருந்து தொடங்கிய பிறகு நான் செய்த மிகச் சிறந்த மெனு அதுதான்.

"இத யாரு பாடுவா?" என்றேன்.

கனகம் அக்கா சேலையை இழுத்துச் செருகினார். நேற்று நாலு மணியிலிருந்து அவருக்குள் சேர்ந்திருந்தது எவ்வளவு என்று எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அந்தத் தாள இங்க குடுங்க," என்றார். தமிழ் வீட்டுப் பெண்கள் நால்வரை இழுத்து நிறுத்தி, கும்மி தட்டத் தொடங்கினார்.

"படகோட்டும் மாப்பிள்ளைக்குப் பலகையூஞ்சல் ஆகாதாம்,
பக்கத்துல வாளி வச்சுப் பந்தியில உக்காத்துங்க!"

நான் வரிக்கு வரி இந்தியில் சொன்னேன். பந்தல் அதிர்ந்தது. சந்தீப் முகத்தை மூடிக்கொண்டான். அடுத்தது மாமனாருக்கு.

"நமத்த பிஸ்கோத்து நயம்னு விக்கிறவர்
மீசையும் நமத்திருக்கு, வெயில்ல காய வைங்க!"

ராம்கிலாவன் மீசையைத் தடவிப் பார்த்து, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார். தாய்மாமாவுக்கான அடியில் கத்திரிக்காய் வந்ததும் மனிதர் நிஜமாகவே சொறிந்தார். பூஜா கண்ணீர் வரச் சிரித்தாள். கனகம் அக்கா பட்டியலை முடித்துவிட்டு, பட்டியலில் இல்லாததையும் பாட ஆரம்பித்தார். அவற்றில் சில மாப்பிள்ளை வீட்டைப் பற்றியவை அல்ல, தங்கராஜைப் பற்றியவை. அவற்றை நான் மொழிபெயர்க்கவில்லை.

இதற்கிடையில், கூடிவிட்ட சாப்பாட்டில் ஒரு அண்டா ஜெட்டிக்குப் போனது. ஃபெர்ரிக்குக் காத்திருந்த லாரிக்காரர்களும் பஸ் பயணிகளும் புளிசாதமும் மீனும் சாப்பிட்டு, யாருடைய கல்யாணம் என்று தெரியாமலேயே வாழ்த்தி அனுப்பினார்கள்.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் சமையல்கட்டு வாசலை விட்டு நகரவில்லை. உதட்டோரம் மட்டும் கொஞ்சம் அசைந்திருந்தது.

"பெண்கள் பாடினாங்க, நல்லா இருந்தது," என்றார். "பாட்டு எங்க பொறுப்புன்னு வாக்கு குடுத்தவர் யாரு? அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

அதை நான் தமிழில் சொல்வதற்குள் தங்கராஜுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். ஒருமுறை வாயைத் திறந்து, "சார்..." என்று ஆரம்பித்து மூடிக்கொண்டார். ரேவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகம் அக்கா, "எதாச்சும் சொல்லித் தொலைங்களேன்," என்று பல்லைக் கடித்தார்.

தங்கராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, அதற்கு மேலாக மாப்பிள்ளையைப் பார்த்தார். அந்த மூன்று நாளில் நான் அதுவரை கேட்டிராத, தட்டையான, அலுத்துப்போன ஒரு குரலில், இந்தியில் சொன்னார்:

"சீட் இல்ல. நாளைக்கு வாங்க. நெக்ஸ்ட்!"

அந்தப் பந்தலில் இருந்த ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு அவசரத்துக்கு, ஏதோ ஒரு கப்பல் டிக்கெட் கவுண்டர் முன் நின்று இதே வார்த்தையைக் கேட்டவர்கள். முதலில் பின்வரிசையில் ஒரு கிழவர் சிரித்தார். அப்புறம் பந்தல் மொத்தமும். ராம்கிலாவனுக்குப் பூரி புரையேறி இரண்டு பேர் முதுகில் தட்டினார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்க நடந்து வந்து தங்கராஜ் முன்னால் நின்று, கவுண்டரில் கை நீட்டுவதுபோல இரண்டு கையையும் தட்டுக்காக நீட்டினார்.

"அப்போ வெயிட்டிங் லிஸ்ட்ல போடுங்க."